செட்டிநாட்டுல தன்னார்வலரா இருக்கிறவங்க ஒரு நாள் லீவுல கடலுக்குப் போய் ஓய்வா திரும்பி வர்றது எப்படி: முழுமையான வழிகாட்டி

கானாடுகாத்தான் பக்கத்துல ஒரு ஊர்ல ஊருணி தூர்வாருற வேலையும் சாயங்கால டியூஷனும் நடத்துற சின்னக் குழு எங்களோடது. ரெண்டு மாசம் மூணு மாசம்னு வெளியூர்ல இருந்து வந்து தங்குற புதுப் பசங்க, பொண்ணுங்களப் பாத்துக்கிறது என் பொறுப்பு. வாரத்துக்கு ஒரு நாள் லீவு. முதல் ரெண்டு லீவும் துணி துவைக்கிறதுலயும் தூங்குறதுலயும் போயிரும், மூணாவது லீவு வர்றதுக்குள்ள எல்லாரும் கேக்கிறது ஒண்ணே ஒண்ணுதான், "அக்கா, இங்க இருந்து கடல் எவ்வளவு தூரம்?"

கேட்டுட்டு அவங்களா ஒரு பிளான் போட்டுட்டுக் கிளம்பிருவாங்க. ராத்திரி பதினோரு மணிக்கு முதுகு செவந்து, தலைவலியோட, செருப்பு ஒண்ணு தொலைஞ்சு திரும்பி வருவாங்க, மறுநாள் காலைல மண்வெட்டியத் தூக்க முடியாது, சாயங்காலம் டியூஷன்ல பிள்ளைக கேள்வி கேக்க இவங்களுக்குக் கண்ணு சொக்கும். லீவு எடுத்ததே உடம்பும் மனசும் கொஞ்சம் இளைப்பாறத்தான, அது நடக்காமப் போறதப் பாத்தா எனக்கு நெஜமாவே வருத்தமா இருக்கும். அதனால எதை முதல்ல செய்யணும், எதை அப்புறம் செய்யணும், ஏன்னு எல்லாத்தையும் இங்க எழுதிருக்கேன். வரிசைய மாத்தாதீங்க, பாதித் தப்பு வரிசை மாறுறதுலதான் வருது.

1. எந்தக் கடல்னு முதல்ல முடிவு பண்ணுங்க

முக்கால்வாசிப் பேரு சொல்ற பேரு தனுஷ்கோடி. பாக்க வேண்டிய இடம்தான், ஆனா ஒரு நாள் லீவுக்கு அது ஒத்துவராது. காரைக்குடியில இருந்து ராமேஸ்வரமே கிட்டத்தட்ட 150 கிலோமீட்டர், அங்க இருந்து தனுஷ்கோடி கடைசி முனையான அரிச்சல்முனை இன்னும் 20 சொச்சம், போகவர எல்லாம் சேத்தா நாளே பஸ்ஸுலதான் கழியும். அவ்வளவு தூரம் போயும் அரிச்சல்முனைத் தண்ணியில இறங்கக் கூடாது, இழுப்பு அப்படி. ரெண்டு மூணு நாள் லீவு சேர்ந்து வர்றப்ப அதை வச்சுக்கங்க.

ஒரு நாளுக்கு நமக்குத் தோது தொண்டிதான். காரைக்குடியில இருந்து தேவகோட்டை, திருவாடானை வழியா 50 கிலோமீட்டர் சொச்சம். கொச்சியில ஆரம்பிச்சு மூணாறு, மதுரை, சிவகங்கைனு வர்ற 85ஆம் நம்பர் தேசிய நெடுஞ்சாலை முடியிறதே தொண்டியிலதான், அதனால திருவாடானைக்கு அப்புறம் ரோடு நல்லா இருக்கும். புதுவயல், பள்ளத்தூர் பக்கம் தங்கியிருக்கிறவங்களுக்கு அறந்தாங்கி வழியா மீமிசலோ மணமேல்குடியோ போறது சுளுவு.

இது எல்லாமே பாக் நீரிணைப் பக்கம். ஆழம் கம்மியான, அலை பெருசா இல்லாத, அடியில சேறும் கடல்புல்லும் இருக்கிற கடல். மெரினா மாதிரி அலை வந்து மோதும்னு நெனச்சுட்டுப் போனா ஏமாந்துருவீங்க. குளத்துத் தண்ணி மாதிரி சும்மா கெடக்கும், தூரத்துல வல்லம் (மீன்பிடிக்கிற படகு) நிக்கும், காக்காயும் கடல்காக்காயும் கத்தும், அவ்வளவுதான். ஓய்வுக்கு இதைவிட நல்ல கடல் எனக்குத் தெரிஞ்சு இந்தப் பக்கம் இல்ல. அலையில ஆடியே தீரணும்னா இந்தக் கரை உங்களுக்கு வேணாம், முன்னாடியே தெரிஞ்சுக்கங்க.

ஒரே நாள்ல தொண்டி, தேவிபட்டினம், அரியமான்னு மூணு எடத்தையும் கோத்து ஒரு லிஸ்ட் போடுறவங்க உண்டு. ஒரு எடம் போதும். தொண்டிக்குப் பதிலா வேற ஒண்ணு வேணும்னா காரங்காடு மட்டும், அது 9ல சொல்றேன்.

2. மாசமும் கிழமையும்

ஜனவரி, பிப்ரவரி, மார்ச் நல்ல மாசம். வெயில் தாங்கலாம், காத்தும் அடங்கி இருக்கும். அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வாடைக்காத்து நேரா நம்ம கரையப் பாத்து அடிக்கும், தண்ணி கலங்கி டீ கலர்ல இருக்கும், புயல் சின்னம்னு ரேடியோவுல சொன்னா போகவே கூடாது.

ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த நேரத்துல கரை அமைதியா இருக்கும், மீன் வெலை ஏறியிருக்கும். ஆனா மே மாசம் கத்திரி வெயில்ல போறவங்க காலைல ஒன்பதரைக்கு மேல மணல்ல கால் வைக்க முடியாதுன்னு தெரிஞ்சுட்டுப் போகணும்.

கிழமைன்னா ஞாயித்துக்கிழமைய விட்டுட்டு வார நாள்ல லீவு கேளுங்க. எங்க குழுவுல ஆளுக்கு ஒரு கிழமைன்னு மாத்தித் தர்றோம், உங்க இடத்துலயும் கேட்டுப் பாக்கலாம். ஆடி அமாவாசை, தை அமாவாசை அன்னைக்கு அந்தப் பக்கமே வேணாம், தேவிபட்டினத்துக்குத் தர்ப்பணம் குடுக்கப் போற கூட்டத்துல பஸ்ஸுல நிக்கக்கூட இடம் கெடைக்காது.

3. முந்தின நாளே வேலைய ஒப்படைச்சிருங்க

இதை யாரும் ஒரு வேலையா நெனைக்கிறது இல்ல, ஆனா லீவு கெட்டுப் போறது பெரும்பாலும் இங்கதான். கடல்ல கால நனைச்சுட்டு நிக்கிறப்ப போன் வரும், "அண்ணே லைப்ரரி சாவி எங்க?" அப்புறம் மனசு அங்க இருக்காது.

முந்தின நாள் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள சாவி யாருட்ட, டியூஷனுக்கு யாரு, ஊருணிக் கரையில நட்ட கன்னுக்குத் தண்ணி யாரு ஊத்துறது, இந்த மூணையும் ஆள் பேரோட ஒரு பேப்பர்ல எழுதிச் செவுத்துல ஒட்டுங்க. வாட்ஸ்அப்ல போட்டா போதும்னு நெனைக்காதீங்க, நம்ம ஊர் வாத்தியாரம்மா, காவக்கார ஐயா இவங்கெல்லாம் வாட்ஸ்அப் பாக்கிறது ராத்திரிக்குத்தான்.

தங்கியிருக்கிற வீட்டு ஆச்சிகிட்ட வாயால சொல்லுங்க, எங்க போறோம், எத்தனை மணிக்கு வருவோம், ராத்திரி சாப்பாடு வேணுமா வேணாமா. சொல்லாமப் போனா ஆச்சி சமைச்சு வச்சுட்டு முகப்புல உக்காந்துட்டே இருப்பாங்க, அது நமக்கு அழகில்ல.

இன்னொண்ணு. டியூஷன் பிள்ளைகளுக்கு விஷயம் தெரிஞ்சதும் "அக்கா நாங்களும் வர்றோம்"னு கெளம்பும். மனசு இளகித்தான் போகும். ஆனா கூட்டிட்டுப் போகாதீங்க. அப்பா அம்மா கையெழுத்து இல்லாம, கூட போதுமான பெரியவங்க இல்லாம பிள்ளைகளக் கடலுக்குக் கூட்டிட்டுப் போறது தப்பு, அதோட அது உங்களுக்கு லீவும் இல்ல, இன்னொரு வேலை நாள்தான். பிள்ளைகளுக்குன்னு தனியா ஒரு நாள் முறையா ஏற்பாடு பண்ணலாம், வர்றப்ப ஆளுக்கு ஒரு சிப்பி மட்டும் எடுத்துட்டு வாங்க, அதுக்கே அவ்வளவு சந்தோஷப்படும்.

4. பை கட்டுறது

ரெண்டு பையா கட்டுங்க. ஒண்ணு கடலுக்கு, ஒண்ணு திரும்பி வர்றதுக்கு. மாத்துத்துணி, காசு, போன், அடையாள அட்டை எல்லாம் ரெண்டாவது பையில, அது தண்ணிப் பக்கமே போகக்கூடாது. எல்லாத்தையும் ஒரே பையில போட்டுட்டு நனைஞ்ச துண்டை மேல திணிச்சு, வர்றப்ப ஈர ஜீன்ஸோட தேவகோட்டை வரைக்கும் நின்னுட்டே வந்த பையன் தொடை உரிஞ்சு ரெண்டு நாள் நடக்க முடியாமக் கெடந்தான்.

கண்டிப்பா வேணுங்கிறது: ஆளுக்கு மூணு லிட்டர் குடிதண்ணி, காலும் உடம்பும் அலம்ப ஆளுக்கு ஒரு அஞ்சு லிட்டர் கேன் நல்ல தண்ணி (பஸ்ல போறவங்க காலிக் கேன் எடுத்துட்டுப் போய் தொண்டியில புடிச்சுக்கலாம்), ரெண்டு பருத்தித் துண்டு, கொடை, ஒரு பழைய போர்வை, ஆதார் காப்பி. ஆதார் எதுக்குன்னா, இலங்கைக்குப் பக்கத்துல இருக்கிற கரைங்கிறதால வெளியூர் முகத்தைப் பாத்தா கடலோரப் போலீஸ் விசாரிப்பாங்க, அட்டையக் காட்டினா ஒரு நிமிஷத்துல வேலை முடிஞ்சிரும். ட்ரோன் மாதிரி எதையும் எடுத்துட்டுப் போகாதீங்க.

ஒரு பிளாஸ்க் நெறைய சுடுதண்ணி. டீத்தூள் கலந்துராதீங்க, வெறும் சுடுதண்ணி. ஏன்னு 7ல வருது.

செருப்பு, பின்னாடி வார் இருக்கிறதா இருக்கணும். ரப்பர் செருப்பு சேத்துல மாட்டுனா காலு வரும் செருப்பு வராது. வெறுங்காலோட நடந்தா உடைஞ்ச சிப்பி, மட்டி ஓடு பிளேடு மாதிரி கிழிச்சிரும்.

சாப்பாட்டுக்கு எலுமிச்சை சாதம், புளியோதரை, நல்லெண்ணெயும் பொடியும் தடவின இட்லி, இதுல ஏதாவது ஒண்ணு. தயிர்சாதம் மதியத்துக்குள்ள புளிச்சிரும், தேங்காய்ச் சட்னி அதுக்கும் முன்னாடியே கெட்டுரும். கொறிக்கத் தேன்குழல், சீப்புச் சீடை, ஆச்சி வீட்டு டப்பாவுல எப்பவும் இருக்கும். தண்ணியில ஆடிட்டு வந்து உக்காந்து உப்பு ஒட்டின கையோட சீடை சாப்பிடுறது தனி ருசி.

5. கிளம்புற நேரம்

காலைல அஞ்சரைக்குக் கிளம்பிருங்க. லீவு நாள்ல ஏன் இவ்வளவு சீக்கிரம்னு சண்டை போடுவாங்க. காரணம் ரொம்ப சாதாரணமானது, நம்ம கடல் கெழக்குப் பாத்தது, வெயில் காலைல இருந்தே நேரா மூஞ்சியில அடிக்கும், ஏழரையில இருந்து பத்து வரைக்கும்தான் தண்ணியில இருக்க சுகமான நேரம். பத்து மணிக்கு ஆற அமர எந்திரிச்சுக் கிளம்புறவங்க பன்னெண்டு மணிக்குப் போய் நட்ட நடு வெயில்ல கடலைப் பாத்துட்டு வர்றாங்க. தூக்கம் வேணும்னா மதியம் அங்கயே தூங்கலாம், 8ல இடம் சொல்றேன்.

பஸ்ஸுன்னா காரைக்குடியில இருந்து தேவகோட்டை, அங்க மாறித் திருவாடானை, தொண்டி. நேர் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறதவிட வர்ற பஸ்ல ஏறித் தேவகோட்டை போயிர்றது நல்லது. டவுன் பஸ்ஸா இருந்தா பொண்ணுங்களுக்கு டிக்கெட் இல்ல, வெளியூர் பஸ்ஸுல டிக்கெட் உண்டு, ஏறுறதுக்கு முன்னாடி கேட்டுக்கங்க. இறங்கின உடனே செய்யவேண்டிய முதல் காரியம், திரும்பி வர்ற பஸ் நேரத்தைக் கண்டக்டர்கிட்டயே கேட்டு எழுதிக்கிறது.

டூவீலர்ல போறவங்க ஜனவரி பிப்ரவரியில திருவாடானைப் பக்கம் மெதுவாப் போங்க. அது ராமநாதபுரம் மாவட்டத்து நெற்களஞ்சியம், அறுவடை நேரத்துல ரோட்டுல பாதி தூரம் வைக்கோலும் நெல்லும் கெடக்கும், கொஞ்ச நாள் கழிச்சு முண்டு மிளகாயும் காயும். அதுல பிரேக் போட்டா வழுக்கிட்டுப் போயிரும். அது அவங்க ஒரு வருஷத்து உழைப்பு, மேல வண்டிய ஏத்தாம ஒதுங்கிப் போங்க. மேப் காட்டுதுன்னு கண்மாய்க்கரை ஒத்தையடிப் பாதையில எல்லாம் பூந்துராதீங்க, பெரிய ரோட்டையே புடிச்சுப் போங்க.

6. கரையில முதல் அரைமணி நேரம் தண்ணிப் பக்கம் போகாதீங்க

போனதும் பையத் தூக்கி எறிஞ்சுட்டு ஓடுறது எல்லாருக்கும் இயல்பு. அந்த அரைமணி நேரம் கரையில இருக்கிறவங்ககிட்ட பேசுறதுக்கு.

வலை பின்னிட்டு இருக்கிற பெரியவர் யாராவது இருப்பார். "அண்ணே, குளிக்கலாம்னு வந்தோம், எந்தப் பக்கம் எறங்கலாம்?"னு கேளுங்க. மூணு விஷயம் கேட்டு வாங்கணும்: வல்லம் வந்து போற பாதை எது, சேறு அதிகமா இருக்கிற இடம் எது, இன்னைக்குக் காத்து எப்படி. இந்த மூணும் எந்த போன்லயும் கெடைக்காது, ஒவ்வொரு நாளும் மாறும். கேட்டதுக்கு அப்புறம் "எந்த ஊரு, என்ன வேலை"ன்னு அவரு கேப்பாரு, ஊருணி வேலைன்னு சொன்னா நம்மள வேற மாதிரி பாப்பாங்க. எங்க ஆளு ஒருத்தனுக்கு அப்படிப் பேசிப் பேசியே வலை முடிச்சு போடக் கத்துக் குடுத்துட்டாரு ஒரு அண்ணன், அவன் அன்னைக்குத் தண்ணியிலேயே எறங்கல, அதுதான் எனக்குப் புடிச்ச லீவுன்னு இன்னும் சொல்லிட்டு இருக்கான்.

மணல்ல விரிச்சிருக்கிற வலைய மிதிக்காதீங்க, தாண்டியும் போகாதீங்க, சுத்திப் போங்க. கரையேத்தி வச்ச வல்லத்துல செருப்புக் காலோட ஏறி போட்டோ எடுக்கிறது அவங்களுக்கு மனசு கஷ்டம், அது சோறு போடுற பொருள். கருவாடு காயவைக்கிற ஆத்தாக்கள போட்டோ எடுக்கணும்னா கேட்டுட்டு எடுங்க. துணியும் அப்படித்தான், இது சுற்றுலா பீச் கெடையாது, முஸ்லிம், கிறிஸ்தவ, இந்துக் குடும்பங்க கலந்து குடியிருக்கிற ஊர்க்கரை, முழங்கால் வரைக்கும் இருக்கிற பேன்ட், கழுத்து மூடின டீசர்ட், பொண்ணுங்களுக்கு சுடிதார் நல்லது. பொண்ணுங்க உடை மாத்த, கழிப்பறைக்கு இடம் கரையில இருக்கும்னு நம்பிப் போகாதீங்க, பஸ் ஸ்டாண்டுலயோ சாப்பிடப் போற ஹோட்டல்லயோ முடிச்சுட்டு அப்புறம் கரைக்குப் போங்க.

கரையோரமா கறுப்பா குவிஞ்சு நாத்தம் அடிக்கிறது குப்பைன்னு நெனச்சு மூஞ்சியச் சுளிப்பாங்க. அது கடல்புல், காத்துல ஒதுங்கினது. ஆவுளியான்னு சொல்ற கடல்பசு தின்னு உயிர் வாழுறது இந்தப் புல்லத்தான். தொண்டிக்கு வடக்கே புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டக் கடல்ல 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுப் பாதுகாப்பகமா 2022ல அரசு அறிவிச்சதும் இந்தப் புல்லு அங்க அடர்த்தியா இருக்கிறதாலதான்.

7. தண்ணியில இறங்குறது

இதை மட்டும் நிதானமாப் படிங்க.

முதல்ல காத்தைப் பாருங்க, அலையப் பாக்காதீங்க. கையில கொஞ்சம் காஞ்ச மணல் எடுத்து விட்டுப் பாத்தா எந்தப் பக்கம் போகுதுன்னு தெரியும். மே கடைசியில இருந்து செப்டம்பர் வரைக்கும் அடிக்கிறது கச்சான் காத்து, நிலத்துல இருந்து கடலைப் பாத்துப் போகும். அப்ப கரையோரத் தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும், பாக்கிறவங்க "ஆகா என்ன அமைதி"ன்னு எறங்குவாங்க. ஆனா மிதக்கிற பொருள் எதுவா இருந்தாலும் அந்தக் காத்து உள்ள தள்ளிட்டே போகும். எங்க பையன் ஒருத்தன் லாரி ட்யூப்ல படுத்து மிதந்தான், கண்ணை மூடிப் பத்து நிமிஷம் இருந்திருப்பான், திறந்து பாத்தா நாங்க எறும்பு மாதிரி தெரிஞ்சோமாம். ட்யூப்ப விட்டுட்டு நீந்தவும் பயம், கத்துனா எங்களுக்குக் கேக்கவும் இல்ல. கரையில இருந்த ஒரு அண்ணன் வல்லத்தைத் தள்ளிட்டுப் போய்க் கூட்டிட்டு வந்தாரு. அன்னைல இருந்து ட்யூப், காத்தடைச்ச பொம்மை, தெர்மாகோல் எதையும் நான் கொண்டுபோக விடுறதில்ல. நீங்களும் விடாதீங்க.

ரெண்டாவது, இடுப்புக்கு மேல போகாதீங்க, கரைக்கு இணையாவே நடங்க. இந்தக் கடல்ல ரொம்ப தூரம் நடந்தாலும் முழங்கால் தண்ணிதான் இருக்கும், அதுவே ஆபத்து, நீச்சல் தெரியாதவங்களும் தைரியமாப் போயிட்டே இருப்பாங்க. திடீர்னு வல்லம் வந்து போற பள்ளம் வரும், அங்க ஆள் ஆழம். அதுக்குத்தான் பாதை எதுன்னு முன்னாடியே கேக்கச் சொன்னேன்.

மூணாவது, காலைத் தூக்கித் தூக்கி வைக்காதீங்க, தேச்சுத் தேச்சு நடங்க. சேத்துல திருக்கை படுத்திருக்கும், மேல மிதிச்சா வாலால குத்தும், நம்ம கால் உரசி வர்ற அதிர்வு தெரிஞ்சா அதுவே ஓடிரும். குத்திருச்சுன்னா அதுக்குத்தான் அந்தப் பிளாஸ்க். கடல்தண்ணியோட கலந்து, குத்தாத காலை வச்சு சூடு பாத்து, பொறுக்கிற அளவு சூட்டுல குத்துன காலை முக்கி வைங்க, அரைமணி நேரத்துல இருந்து ஒன்றரை மணி நேரம் வரைக்கும். அந்த விஷம் சூட்டுக்கு வீரியம் இழக்கும், வலி குறையும். பிளாஸ்க் தண்ணி தீர்றதுக்குள்ள பக்கத்து வீட்டுல சுடுதண்ணி கேளுங்க, கடக்கரை வீடுகள்ல இது எல்லாருக்கும் தெரிஞ்ச வைத்தியம். முள்ளு உள்ள தங்கியிருந்தா புடுங்காதீங்க, வலி குறைஞ்சாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்க, திருவாடானையில அரசு ஆஸ்பத்திரி இருக்கு. நெஞ்சுலயோ வயித்துலயோ குத்திருந்தா சுடுதண்ணிக்கு நிக்காம நேரா 108.

சொறி மீன் (ஜெல்லி மீன்) பட்டு எரிஞ்சா மணலப் போட்டுத் தேய்க்காதீங்க, நல்ல தண்ணி ஊத்தாதீங்க. ரெண்டுமே ஒட்டியிருக்கிற கொடுக்குகள இன்னும் வெடிக்க வைக்கும். கடல்தண்ணியால அலம்பி, ஒட்டினத ஒரு அட்டையால மெதுவா எடுத்து விடுங்க. மூச்சு வாங்குனா, முகம் வீங்குனா ஆஸ்பத்திரிதான்.

எப்பவும் ஒரு ஆள் கரையில உக்காந்து பாத்துட்டே இருக்கணும், போன் பாக்காம, அரைமணிக்கு ஒருதரம் ஆள் மாறி. போன்ல 1093 (கடலோரப் பாதுகாப்புப் போலீஸ்), 1554 (கடலோரக் காவல்படை) ரெண்டையும் சேத்து வச்சுக்கங்க.

கடல் அட்டை, கடல் குதிரை கண்ணுல பட்டா பாத்துட்டு விட்டுருங்க. ரெண்டுமே வனவிலங்குச் சட்டத்துல பாதுகாக்கப்பட்டது, விளையாட்டா பாட்டில்ல போட்டு எடுத்துட்டு வந்தாலும் வழக்குதான்.

பத்து மணிக்கு ஏறிருங்க. இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம்னு இருக்கிறவங்களுக்குத்தான் சாயங்காலம் முதுகு எரியும், தண்ணிக்குள்ள இருக்கிறப்ப சூடு தெரியாது. ஏறின உடனே கேன் தண்ணியால தலையில இருந்து அலம்பி, துண்டால ஒத்தி, உலர்ந்த துணி மாத்துங்க. உப்பு காயவிட்டுட்டா அரிப்பெடுத்து அன்னைக்குப் பூரா ஓய்வே இருக்காது.

8. பத்துல இருந்து மூணு வரைக்கும் நிழல்

புதுசா வர்றவங்களுக்கு இந்த அஞ்சு மணி நேரத்துல என்ன பண்றதுன்னே தெரியாது, அதனாலதான் இன்னொரு ஊருக்குக் கிளம்பிர்றாங்க. ஒண்ணும் பண்ண வேணாம். பனை மரத்து நிழலோ வேப்ப மர நிழலோ பாத்துப் போர்வைய விரிச்சுப் படுங்க. பனைக்கு அடியில படுத்தா மேல மட்டையும் காயும் தொங்குதான்னு பாத்துட்டுப் படுங்க. நிழல் நகரும், தலை வைக்கிற பக்கம் நிழல் வர்ற பக்கமா இருக்கட்டும்.

நம்ம வேலை பேசுற வேலை, கேக்குற வேலை, பிள்ளைகளோடயும் ஊர்க்காரங்களோடயும் நாள் பூரா முகம் குடுக்கிற வேலை. அதுல வர்ற களைப்பு தூங்கினா மட்டும் போகாது, யாரும் நம்மகிட்ட எதுவும் கேக்காம கொஞ்ச நேரம் இருக்கணும். கூட வந்தவங்களும் ஆளுக்கு ஒரு பக்கமாப் படுங்க, ஊருணிப் பேச்சு, ஆபீஸ் பேச்சு எடுக்காதீங்க. நான் இதை ஒரு விதியாவே வச்சிருக்கேன், மூணு மணி வரைக்கும் வேலையப் பத்தி ஒரு வார்த்தை கூடாது.

கட்டுச்சாதத்தைப் பதினொன்றரைக்கே சாப்பிட்டுருங்க, கடல்ல இருந்து வந்தா பசி சீக்கிரம் வரும். சீசன்ல நுங்கு, பதநீர் கெடைக்கும், ஜனவரியில பனங்கெழங்கு. பதநீர் காலைல எறக்கினதாப் பாத்து வாங்குங்க, வெயில் ஏற ஏற பொங்கிப் புளிக்க ஆரம்பிச்சிரும்.

9. காரங்காடு போகணும்னா

தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவுல கிழக்குக் கடற்கரைச் சாலையில இருந்து உள்ள போகணும். அலையாத்திக் காட்டுக்குள்ள வனத்துறையும் ஊர்க்காரங்களும் சேர்ந்து படகு ஓட்டுறாங்க. அங்க போறதா இருந்தா அன்னைக்குக் கடல்ல குளிக்கிறத விட்டுட்டுக் காலைல நேரா அங்கயே போயிருங்க, பறவைக வெளிய வர்றதும் காலைலதான். ரெண்டையும் செஞ்சா ரெண்டுலயும் அரைகுறை. லைஃப் ஜாக்கெட்டை இறுக்கிக் கட்டுங்க, படகுல எந்திரிச்சு நிக்காதீங்க. தண்ணி வத்தியிருக்கிற நேரமும் காத்து ஜாஸ்தியான நேரமும் படகு எடுக்க மாட்டாங்க, கிளம்புறதுக்கு முந்தின நாளே விசாரிச்சுக்கங்க.

10. மீனு, நண்டு வாங்குறது கடைசியில

போனதும் வாங்கிட்டு நாள் பூரா வெயில்ல தூக்கிட்டுத் திரியிறது ரொம்ப சகஜமான தப்பு. பஸ் ஏறுறதுக்கு அரைமணி முன்னாடி வாங்குங்க.

அதுக்கும் முன்னாடி ஆச்சிக்கு ஒரு போன். செவ்வா, வெள்ளியோ, விரத நாளோ, பிள்ளையார் நோன்பு சமயமோ இருந்தா அந்த வீட்டுக்குள்ள மீன் போகக்கூடாது. கேக்காம வாங்கிட்டுப் போய் வாசல்ல நின்னு முழிக்காதீங்க.

நண்டு உயிரோட இருக்கணும், கையில தூக்கினா கனமா இருக்கணும். செத்த நண்டு சீக்கிரமே கெட்டுரும், வெலை கம்மின்னு வாங்காதீங்க. அடிவயித்துல முட்டை அப்பிக்கிட்டிருக்கிற சினை நண்டு வேணாம்னு சொல்லிருங்க, நம்ம வேணாம்னு சொன்னாத்தான் கொஞ்சமாவது கடலுக்குத் திரும்பும். உயிர் நண்டை ஈரச் சாக்குல சுத்தி எடுத்துட்டு வாங்க, தண்ணியில போட்டு மூடி வச்சா மூச்சு முட்டிச் செத்துரும். மீனுன்னா செவுள் செவப்பா, கண்ணு தெளிவா, அமுக்கினா பள்ளம் நிக்காம இருக்கணும். ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ், தெர்மாகோல் பெட்டியில.

11. திரும்புறது

நாலு மணிக்குள்ள பஸ் ஏறிருங்க. கடல்ல சூரியன் மறையிறதப் பாத்துட்டுப் போலாம்னு ஆறரை வரைக்கும் உக்காந்திருந்தவங்களப் பாத்திருக்கேன், கெழக்குக் கரையில சூரியன் நம்ம முதுகுக்குப் பின்னாடி ஊர்ப்பக்கம்தான் மறையும். பௌர்ணமி அன்னைக்கு மட்டும் இருக்கலாம், சூரியன் எறங்குற நேரத்துக்கே கடல்ல இருந்து நெலா ஏறும், அவ்வளவு பெருசா, மஞ்சளா. அதுக்கு சொந்த வண்டி இருக்கணும், இல்ல ராத்திரி பஸ் உறுதியாத் தெரிஞ்சிருக்கணும்.

கொண்டுபோன பிளாஸ்டிக்க அங்க போடாம நம்ம பையிலேயே திரும்ப எடுத்துட்டு வாங்க. ஊருணியில இருந்து நாம வாரி எடுக்கிறதே அந்தக் கவர்கள்தான.

வீட்டுக்கு வந்ததும் உள்ள போறதுக்கு முன்னாடி கால், செருப்பு, பை எல்லாத்தையும் வாசல்லயே அலம்பி உதறுங்க. மணலோட நடந்தா ஆத்தங்குடிக் கல்லுல கீறல் விழும், அந்தத் தரையத் தேங்காயெண்ணெய் போட்டுத் தொடைச்சுத் தொடைச்சுப் பளபளன்னு வச்சிருக்கிறது ஆச்சி. டூவீலர்ல போயிருந்தா அன்னைக்கு ராத்திரியே நல்ல தண்ணியால கழுவிச் செயினுக்கு எண்ணெய் விடுங்க, உப்பு ஒரே ராத்திரியில வேலையக் காட்டும். ஈரத்துணிய நல்ல தண்ணியில ஒரு தடவை அலசிப் பின்கட்டுக் கொடியில போடுங்க, உப்போட காஞ்சா வெறைச்சுப் போயிரும்.

ஒன்பது மணிக்குப் படுத்துருங்க. காலைல ஆறு மணிக்கு ஊருணிக் கரையில மண்வெட்டியோட வந்து நிக்கணும், செவுத்துல ஒட்டின பேப்பர அதுக்கு முன்னாடி மறக்காமக் கிழிச்சிருங்க, இல்லன்னா அந்த வாரம் பூரா கன்னுக்கு யாரு தண்ணி ஊத்துறதுன்னு கொழப்பம் வரும்.